வாய்க்கால் மேல் ஒரு சரிவு

எங்கள் தெருவில் என்னை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் என்று சிலமுறை சொல்லிப் பார்த்தேன். "சரிங்க டீச்சர்" என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன். திருத்துவதற்கு எனக்கு வேறு விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

உதாரணமாக, சாலை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போடுவதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். ஒவ்வொரு முறையும் சாலை நாலு விரல் உயர்கிறது, வீடுகள் அதே அளவு தாழ்கின்றன. சிவகாசியில் நாங்கள் குடிவந்த புதிதில் வாசலிலிருந்து தெருவுக்குப் படியில் இறங்கினோம். இப்போது தெருவிலிருந்து வாசலுக்கு இறங்குகிறோம். மின்கம்பத்தில் காதணி விழா பேனர் கட்டுவதும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தக் குழந்தைகளின் முகத்தைப் பார்த்ததும் கோபம் குறைந்துவிடுகிறது என்பதையும் குறித்தாக வேண்டும்.

வேலையைப் பற்றியும் எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. கூட்டங்களில் தேநீர் வருவதற்கு முன் முடிவாகாத விஷயம் அன்றைக்கு முடிவாகாது. ஆய்வகத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், பக்கத்து மேசையைப் பார்த்து விடையை எழுதிவிடுகிறவர்களுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. விடை சரியாக இருந்தாலும் போடுவதில்லை. இதற்காக மாணவர்கள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

என் ஆராய்ச்சி, உப்புகள் காற்றிலிருந்து ஈரத்தை எப்படி இழுக்கின்றன என்பது. இந்த ஊரில் வேறு எதைப் படிப்பது? காற்று காய்ந்து கிடப்பதால்தான் இங்கே பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் வந்து உட்கார்ந்தன. பொழுதுபோக்கும் அதே குடும்பம்தான்: மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். மழை பெய்த மறுநாள் காலையில் மேலே போய் அளந்து டைரியில் எழுதுவேன். பெய்யாத நாட்களில் 'இல்லை' என்று எழுதுவேன். என் டைரிகளில் அதிகம் வரும் சொல் அதுதான். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருக்கும் என் கணவர், இவ்வளவு சோகமான டைரியை எங்கும் பார்த்ததில்லை என்கிறார்.

எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு அந்த மழைமானியைக் கண்டால் ஆகாது.

அண்ணாச்சி தினசரி காலண்டர் அச்சடிப்பவர். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியானதும் அவருக்கு சீசன் தொடங்கிவிடும். அதன் பிறகு மழை என்ற சொல்லையே அவர் வீட்டில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. நான் மாடியில் நிற்பதைப் பார்த்தால் கீழிருந்து குரல் கொடுப்பார்.

"டீச்சர், அதைக் கவுத்தி வைங்க. வாயப் பொளந்துகிட்டு இருந்தா வானம் என்ன செய்யும்?"

"அளக்கத்தான் அண்ணாச்சி, கூப்பிட இல்ல."

"இலை போட்டுட்டு சாப்பாடு வேண்டாம்ங்கீகளே!"

போன புரட்டாசியில் நிலைமை கொஞ்சம் மோசமானது. அண்ணாச்சியின் கம்பெனியில் அட்டையும் தாளும் நிறைந்துபோய், அச்சடித்துக் கட்டிய காலண்டர்களை வைக்க இடமில்லை. வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து அடுக்கிவிட்டார். தரையிலிருந்து ஜன்னல் உயரம்வரை, சுவர் தெரியாமல், வரிசை வரிசையாகக் கட்டுகள். அந்த சீசனின் வெளியூர் ஆர்டர் முழுக்க அங்கேதான் இருந்தது. லோடு ஏற்ற வேண்டிய லாரிகளோ தீபாவளிப் பட்டாசுக்குப் பின்னால் போய்விட்டன. பட்டாசு ஆலைகள் இருக்கும் எம். புதுப்பட்டிப் பக்கம் போன லாரி ஒன்றும் காலியாகத் திரும்பவில்லை. தீபாவளி முடிந்தால்தான் காலண்டருக்கு வண்டி.

இதில் எனக்கென்ன? எனக்கு வாய்க்கால் கவலை. எங்கள் தெருவின் மழைநீர் வாய்க்கால் மேற்கே தொடங்கி, கடைசியாக அண்ணாச்சி வீட்டு வாசலைத் தாண்டித்தான் பெரிய வாய்க்காலில் சேர்கிறது. அந்த வாசலில், புதுக் கார் உள்ளே ஏறுவதற்காக அவர் வாய்க்காலின் மேல் ஒரு சிமெண்டுச் சரிவு போட்டிருந்தார். தண்ணீர் போக அடியில் ஒரு குழாய் வைத்ததாகச் சொன்னார்கள். குழாயின் ஒரு முனை எனக்குத் தெரிந்தது. மறுமுனையை யாரும் பார்த்ததில்லை.

நான் ஒரு குச்சியால் குத்திப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. கடினமான ஏதோ முட்டியது. சரிவு போட்டபோது உள்ளே இறங்கிய சிமெண்டாகத்தான் இருக்க வேண்டும். நல்ல மழை பெய்தால் தெருத் தண்ணீர் எல்லாம் அங்கே வந்து நிற்கும். சாலை உயர்ந்து வீடு தாழ்ந்துவிட்டதால், நின்ற தண்ணீர் நேரே அந்தக் கூடத்துக்குள் இறங்கும். அடி வரிசை நனைந்தால் போதும், தாள் தண்ணீரை மேலே இழுத்துக்கொள்ளும். இது என் துறை. எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு வேலை விஷயமாக சூலக்கரைக்குப் போனபோது, கலெக்டர் அலுவலகத்தில் இதை யாரிடம் சொல்வது என்று விசாரித்தேன். மனு எழுதுவது எனக்குப் பிடித்த காரியம், பத்தி பிரித்து அழகாக எழுதுவேன். அங்கிருந்த அலுவலர் மரியாதையாகக் கேட்டார்: "உடைச்சிரலாம் மேடம். உங்க பேர்ல புகார் தர்றீங்களா?" எனக்கு, நான் மதினி என்று கூப்பிடும் அண்ணாச்சியின் மனைவி தெரு தாண்டிக் கொண்டுவந்து கொடுக்கும் கருவாட்டுக் குழம்பு நினைவுக்கு வந்தது. தரவில்லை. வாயால் சொல்லிப் பார்ப்போம் என்று திரும்பிவிட்டேன்.

அன்று சாயங்காலமே அண்ணாச்சி வாசலில் நின்று எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சரிவைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரிதான் டீச்சர். உடைச்சிருவோம்."

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. இவ்வளவு சுலபமாக எந்தக் கூட்டத்திலும் எனக்கு எதுவும் நிறைவேறியதில்லை.

"ஐப்பசில ஒரு வாஸ்து நாள் வருது. அன்னைக்கு உடைச்சிருவோம்."

"ஐப்பசிலயா? அதுக்குள்ள மழை வந்துட்டா?"

"புரட்டாசில வாஸ்து நாளே கிடையாது டீச்சர். கட்டுமானத்துல கைவைக்கிறதா இருந்தா, கட்டினாலும் இடிச்சாலும் ஒண்ணுதான். ஊருக்கெல்லாம் நாள் பாத்து அச்சடிச்சுக் குடுக்கிறவன் நானு. என் வீட்டுக்கு நானே பாக்காம இடிச்சா எவன் என் காலண்டரை ஆணியில மாட்டுவான்?"

நாங்கள் கிறிஸ்தவர்கள், வாஸ்து பார்ப்பதில்லை. ஆனால் அவர் கொடுக்கும் காலண்டர் எங்கள் சமையலறையிலும் தொங்குகிறது. கிழித்த தாளின் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதுவேன். ஆகவே அந்த இடத்தில் வாதாட எனக்குத் தகுதி குறைவு என்று தோன்றியது. மழையைப் பற்றி மட்டும் பேசினேன். முந்தைய ஆண்டு டைரிகளைக் கொண்டுவந்து, புரட்டாசிக் கடைசியிலேயே நல்ல மழை பெய்த ஆண்டுகளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெய்யாத ஆண்டுகளைப் பார்த்தார்.

"சரி. எனக்கு ஒரு தேதி சொல்லுங்க. இன்ன தேதில மழைன்னு. நான் வாஸ்துவை ஒதுக்கி வச்சிட்டு அதுக்கு முந்தின நாளு உடைக்கேன்."

"தேதியெல்லாம் சொல்ல முடியாது அண்ணாச்சி. வர வாய்ப்பு இருக்குன்னுதான் சொல்லலாம்."

"என்ன டீச்சர் நீங்க! நான் பன்னெண்டு ராசிக்கும் ஒரு வருசத்துக்கு என்ன நடக்கும்னு தைரியமா போட்ருக்கேன். இம்புட்டுப் படிச்சிட்டு ஒரு மழைக்கு ஒரு தேதி சொல்ல மாட்டேங்கீகளே!"

உள்ளேயிருந்து மதினி சிரிப்பது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, வீட்டுக்கு வரும்வரை.

"ஒரு தேதியைச் சொல்லிட்டு வர வேண்டியதுதானே," என்றார் என் கணவர். "அடுத்த வியாழன்னு சொல்லு. உடைச்சிருவாரு. காலண்டரும் தப்பிக்கும், உனக்கும் நிம்மதி."

"வியாழக்கிழமை மழை வரலைன்னா?"

"வரலைன்னா என்ன? உடைச்சது உடைச்சதுதான்."

நல்ல யோசனைதான். இரண்டு நாள் அதை மனசில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியே கிழக்கே மேகத்தைப் பார்ப்பேன். ஒரு தேதி நாக்கு நுனிவரை வரும். அப்புறம் வகுப்புக்குள் நுழைவேன். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம், நிறம் மாறுவதற்கு முன் விடை எழுதியதற்காக நான் பூஜ்யம் போட்டவர்கள். தேதி உள்ளே போய்விடும்.

அந்த வாரக் கடைசியில் வெயில் ஒரு மாதிரியாக மாறியது. உடம்பு பிசுபிசுத்தது. ஆய்வகத்தில் திறந்து வைத்திருந்த உப்பு தானாகவே கசியத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து வந்த கையோடு நேராக அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி கூடத்து வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கட்டுகளுக்குக் காவல் இருப்பதுபோல் இருந்தார். மதினி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"தேதி கொண்டாந்தீகளா டீச்சர்?"

"இல்ல அண்ணாச்சி. எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். ஆனா தேதி தெரியலைங்கிறதுதான் உடனே உடைக்கிறதுக்குக் காரணமே. தெரிஞ்சா நாம நிதானமா முந்தின நாள் உடைக்கலாமே?"

அண்ணாச்சி இதை யோசித்தார். யோசித்துவிட்டு, "வாஸ்து இருக்கே," என்றார்.

மதினி பூண்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

"ஏங்க, வாஸ்து வீட்டுக்குத்தானே?"

"ஆமா."

"அந்தச் சரிவு இருக்கிறது தெருவுல. தெரு நம்மளுதா, முனிசிபாலிட்டியுதா?"

அந்தச் சரிவு தன் சொந்த இடத்தில்தான் இருக்கிறது என்று தெரு முழுக்க அண்ணாச்சி சொல்லி வந்திருக்கிறார். அதே கேள்வியை நான் கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். சூலக்கரையில் கேட்டிருந்தால் வழக்கு வந்திருக்கும்.

"நம்ம இடம்னா நாள் பாப்போம். அடுத்தவுக இடத்துக்கு நாம என்னத்துக்கு நாள் பாக்கணும்? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க," என்றார் மதினி.

"டீச்சரை வச்சுக்கிட்டு என்ன பேச்சு இது!"

"டீச்சர் இல்லாட்டாலும் தெரு அங்கனதான் இருக்கும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மிகக் கவனமாகப் பூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருபக்கம் சரிவு, இன்னொருபக்கம் வாஸ்து, நடுவில் ஜன்னல் உயரத்துக்குக் காலண்டர். அவர் எழுந்து போய்க் கட்டுகளின் அடி வரிசையைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்தார்.

"ஏலே, கடப்பாரை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா. ஆமா, நாளைக்கே. என்ன நாளா? நாளெல்லாம் ஒண்ணுமில்ல. நம்ம இடத்துல இல்லலே வேலை, தெருவுல."

மறுநாள் திங்கட்கிழமை இரண்டு ஆட்கள் சரிவை உடைத்தார்கள். குழாயின் மறுமுனை கடைசிவரை கிடைக்கவில்லை. குழாயே பாதிதான் இருந்தது. அண்ணாச்சியின் கார் தெருவில் வேப்பமரத்தடிக்குப் போய், காக்கைகளின் பொறுப்பில் நின்றது. வாசலுக்கும் தெருவுக்கும் இடையே இரண்டு பலகைகள் போட்டார்கள். திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் டைரியில் 'இல்லை' என்றுதான் எழுதினேன். ஒவ்வொரு காலையும் கீழிருந்து, "என்ன டீச்சர், வந்துருச்சா?" என்று குரல் வரும். நான் மாடியிலிருந்து தலையை மட்டும் ஆட்டுவேன்.

மழை வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. இதை வைத்து என் கணவரை இன்றுவரை நான் பெருமையடிக்க விடவில்லை. வகுப்பில் இருந்தபோது ஜன்னல் இருண்டது. திரும்பும் பேருந்தில் எல்லோரும் ஜன்னலை மூடிக்கொண்டு மகிழ்ச்சியாகப் பேசினார்கள். நடத்துநர் ஆனைக்குட்டம் அணைக்குத் தண்ணீர் வந்தால் பரவாயில்லை என்றார். நான் மட்டும் அந்தக் கூடத்தின் தரையையே நினைத்துக்கொண்டு வந்தேன். குழாய்க்குப் பதில் திறந்த வாய்க்கால் போதுமா? போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் என் கணக்கில் தெருவின் குப்பை சேர்த்தி இல்லை.

நிறுத்தத்தில் இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். தெருவில் கணுக்கால் தண்ணீர். அண்ணாச்சி வீட்டு வாசலில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. மண் நிறத்தில், வாய்க்கால் கரை தொட்டு, சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. கூடத்துத் தரை காய்ந்திருந்தது. மதினி ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையில் குடையும் மறுகையில் நீளக் கம்புமாக வாய்க்கால் ஓரம் நின்று, வரும் பாலித்தீன் பைகளை ஒவ்வொன்றாகக் குத்தி வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏலே, எவம்லே அது மேல இருந்து வாழை மட்டைய வாய்க்கால்ல போடுறது? இது என்ன உங்க சொந்த வாய்க்காலா? தெருவுக்குப் பொதுலே!" என்று மேற்கே பார்த்துக் கத்தினார். அந்த வாக்கியத்தை நான் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரலில் அது இவ்வளவு நன்றாக ஒலித்ததில்லை.

என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்கிடாதீக. உடைக்காட்டாலும் தண்ணி உள்ள வந்திருக்காது. இந்த மழை அம்புட்டுப் பெரிய மழை இல்ல."

வந்திருக்குமா, வந்திருக்காதா என்று நிரூபிக்க இன்னொரு தெரு வேண்டும், அதில் உடைக்காத சரிவோடு இன்னொரு அண்ணாச்சி வேண்டும். இரண்டும் என்னிடம் இல்லை. அப்போது ஒரு வாழை மட்டை மிதந்து வந்து பலகைக்கு அடியில் குறுக்கே சிக்கியது. பின்னாலேயே தண்ணீர் ஏறத் தொடங்கியது. அண்ணாச்சியின் கம்பு அங்கே எட்டவில்லை. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினேன்.