எந்தப் படத்துக்கும் அஞ்சு வரி

பத்தாவதுல இங்கிலீஷ்ல பெயிலானா மில்லுக்கு. எங்க வீட்டுல இதுதான் சட்டம். எங்க அக்கா எனக்கு ரெண்டு வருசம் மூப்பு. மத்த பாடமெல்லாம் பாஸாகி இங்கிலீஷ்ல மட்டும் போயிருச்சு. துணைத் தேர்வு எழுதுறேன்னு அழுதுச்சு. "பெயிலாகுறதுக்கு ரெண்டு தடவ வேறயா?"ன்னுட்டாரு அப்பா. அந்த மாசமே நூல் மில்லு வேன்ல ஏறிருச்சு. அப்பா கெட்டவரு இல்ல. மல்லிகைத் தோட்டம் வச்சிருக்கவரு, மார்க்கெட்டுல பூ வெல மாதிரி காலையில ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு. இந்த விசயத்துல மட்டும் பேச்சு மாறவே இல்ல.

"அடுத்து நீதான் தாயி. பாஸானா பிளஸ் ஒண்ணு. இல்லன்னா அக்காகூட வேன்ல ஏறிக்க."

பள்ளிக்கூடத்துல எங்களுக்கு 'மெல்லக் கற்போர்'னு பேரு. மரியாதையான பேருதான், மக்குன்னு அர்த்தம். சாயங்காலம் மத்த புள்ளைங்க வீட்டுக்குப் போனப்பறம் எங்கள மட்டும் உக்கார வச்சு இங்கிலீஷ் சாரு மனப்பாடம் பண்ண வைப்பாரு. வகுப்புல ஒருத்தர் பெயிலானாலும் அவருக்கு மேல இருந்து திட்டு விழும். அந்தப் பயம் அவருக்கு, மில்லு பயம் எனக்கு.

கேள்வித்தாள்ல ஒரு படம் வரும். அதப் பாத்து அஞ்சு வரி சொந்தமா எழுதணும், அஞ்சு மார்க்கு. "சொந்தமால்லாம் உங்களுக்கு வராது"ன்னாரு சாரு. "படத்தப் பாத்தா கொழம்பிருவீங்க. பாக்கவே வேணாம். நான் தர்றத எழுதுங்க, எந்தப் படத்துக்கும் பொருந்தும்."

திஸ் இஸ் எ பியூட்டிஃபுல் பிக்சர். ஐ லைக் திஸ் பிக்சர் வெரி மச். எவ்ரிபடி இஸ் ஹேப்பி இன் திஸ் பிக்சர். இட் கிவ்ஸ் எ குட் மெசேஜ். ஐ தேங்க் தி ஆர்டிஸ்ட்.

மொத நாள் இதத் தமிழ் எழுத்துலதான் எழுதிக்கிட்டேன். அப்பறம் இங்கிலீஷ் எழுத்துல கை வலிக்க வலிக்க எழுதிப் பழகுனேன். விடியக்காலம் மொக்கு எடுக்கையில வாயி அது பாட்டுக்கு முணுமுணுக்கும். "என்னடி, பூச்செடிக்கு மந்திரம் ஓதுறியா?"ன்னு அம்மா சிரிக்கும். மில்லுல இருந்து தலையெல்லாம் பஞ்சா வர்ற அக்கா, செத்த நேரம் நின்னு கேக்கும். "மூணாவது வரியில திக்குற, மறுபடி சொல்லு"ங்கும். அதுக்கும் இதே சாரு, இதே அஞ்சு வரி.

பரீச்சை நாளும் வந்துச்சு. கேள்வித்தாளப் பிரிச்சு எழுத ஆரம்பிச்சேன். படிச்சதுல பாதி வரல. தெரிஞ்சத எழுதிட்டுக் கூட்டிப் பாத்தா பாஸ் மார்க்குக்கு இழுத்துப் பறிச்சுக்கிட்டுத்தான் நிக்குது. பரவால்ல, படம் இருக்கேன்னு அஞ்சு வரியையும் மடமடன்னு எழுதிட்டேன். கேள்வி நம்பரு சரியான்னு பாக்கத்தான் கேள்வித்தாளத் திருப்புனேன்.

அடி ஆத்தி!

படத்துல ஒரு ரோடு. லாரி ஒண்ணு, பக்கத்துல சாஞ்ச பைக்கு. ஒரு ஆளு கை விரிச்சு ரோட்டுல கெடக்குறான். சுத்தி நாலஞ்சு பேரு செல்போனத் தூக்கிப் பிடிச்சுப் படம் எடுக்குறாங்க. அதுக்கு நான் எழுதியிருக்கேன், இது அழகான படம், எனக்கு ரொம்பப் பிடிக்கும், எல்லாரும் சந்தோசமா இருக்காங்க.

பேனாவ அந்த அஞ்சு வரி மேல வச்சேன். அடிச்சா உறுதியான அஞ்சு மார்க்கு போகும், மில்லு வேனு. அடிக்கலன்னா? திருத்துறவரு படத்தப் பாக்காமலே மார்க்குப் போட்டுருவாரு, சாரு சொல்லித்தான் இருக்காரு. ஆனா அந்த ஆளு கண்ணு முன்னால கெடக்குறான். எங்க பைபாஸ்ல மாசத்துக்கு ஒருத்தன் இப்படித்தான் கெடப்பான். சந்தோசமாம்ல, சந்தோசம்! எனக்கு என் மேலயே அம்புட்டு ஆத்திரம் வந்துச்சு. "இன்னும் பத்து நிமிசம்"னு மேற்பார்வை டீச்சர் சொன்னாங்க. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னன்னு குறுக்க ஒரே கோடு இழுத்தேன்.

இழுத்தாச்சு. என்ன எழுத? அதுவரைக்கும் ஒரு வரிகூட நானா எழுதுனதில்ல. ஒவ்வொரு வார்த்தையா மண்டைக்குள்ள தேடி எடுத்தேன். ஒன் மேன் ஃபால் இன் ரோடு. பிளட் கம். ஆல் பீப்பிள் டேக் போட்டோ. நோபடி கிவ் வாட்டர். ஐ ஆம் ஆங்கிரி. மணி அடிச்சு, டீச்சர் பேப்பரப் பிடுங்கிட்டாங்க.

வெளிய சாரு நின்னாரு. "படம் எழுதுனியாம்மா?" நான் சொன்னதும் தலையில அடிச்சுக்கிட்டாரு. "கூறு கெட்டவளே, உன்ன யாரு படத்தப் பாக்கச் சொன்னா?"

வீட்டுல வாயத் தொறக்கல. ஒரு நாள் மில்லு ஏஜென்ட்டு வந்து அப்பாகூட டீ குடிச்சுட்டுப் போனாரு. அன்னைக்கு எனக்குச் சோறு செல்லல. செஞ்சது முட்டாத்தனம்னு ஒரு நாள் தோணும், மறுநாள் இல்லன்னு தோணும். அடுக்களையில பாத்திரம் உருண்டாக்கூடத் தூக்கிவாரிப் போடும்.

ரிசல்ட்டு அப்பா செல்லுக்கு வந்துச்சு. அவருக்கு வாசிக்கத் தெரியாது, என்கிட்டக் குடுத்தாரு. எனக்கு எழுத்தெல்லாம் ஆடுது. ஷிஃப்ட்டு முடிச்சு அப்பத்தான் உள்ள வந்த அக்கா செல்ல வாங்கிப் பாத்துச்சு. இங்கிலீஷ் முப்பத்தி ஏழு. "பாஸுப்பா!" அப்பா துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு முட்டாய் வாங்கக் கெளம்பிட்டாரு.

நான் அக்காவக் கட்டிப் பிடிச்சு அழுதுக்கிட்டே நடந்ததெல்லாம் சொன்னேன். அந்த ஆளு, செல்போனு, அடிச்ச கோடு, சாரு திட்டுனது. அக்கா சிரிக்கும்னு நெனச்சேன். அது அப்படியே தரையில உக்காந்துருச்சு.

"எனக்கு என்ன படம் வந்துச்சுன்னு நான் பாக்கவே இல்லடி"ன்னுச்சு.