போனைக் கவிழ்த்து வைப்பவர்

அண்ணாமலை நகரில் லாட்ஜ்கள் இருக்கும் தெருவில் ஒரு பிரவுசிங் சென்டர். அதை நடத்திய அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையெல்லாம் தேடுவார். போன் அடித்தால் எடுக்கமாட்டார். கவிழ்த்து வைத்துவிட்டு, எதிரே நிற்பவரிடம் பேச்சைத் தொடர்வார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். லாட்ஜ் வேலையில் தமிழ் டைப்பிங் பழகியிருந்தும், போன் எடுத்துப் பேச நாக்கு எழாமல் அதை இழந்திருந்தேன். வீட்டிலிருந்தே தமிழ் டைப்பிங் வேலை, போன் பேச வேண்டாம் என்று என் போனுக்கு வந்த செய்தியை அவரிடம் காட்டினேன். உடனே ஆதாரை அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

"ஒங்கள என்னா கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. செலக்ட் ஆயிட்டேன்னாங்க."

"பொண்ணு பாக்க வந்தாக்கூட நாலு கேள்வி கேக்குறாங்கண்ணே. ஒண்ணுமே கேக்காம எவன் வேல குடுப்பான்?"

செய்தியை அழித்துவிட்டு, வேறொரு கம்பெனியின் தேர்வைத் திறந்து தந்தார். ஒலிப்பதிவைக் கேட்டு அப்படியே டைப் செய்ய வேண்டும். வியர்க்க வியர்க்க முடித்தேன்.

"ரிசல்ட்ட போன்லயா சொல்லுவாங்க?"

சிரித்துவிட்டார். "மெயில்லதான் வரும். நானே பாத்து சொல்றேன்."

அதன்பின் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. போன் அடித்தால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவேன். ஐந்தாம் நாள் உச்சிவெயிலில், எங்கள் ஊருக்கு வரும் குமராட்சி மினி பஸ்ஸிலிருந்து இறங்கி, விலாசம் விசாரித்துக்கொண்டு அவர் வந்தார்.

"கெடச்சிடுச்சிண்ணே."

ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, அதே பஸ்ஸுக்குத் திரும்பினார்.

என் நம்பர் அவரிடம் இருந்தது. அவ்வளவு தூரம் வந்தது எனக்காகவா, இல்லை அவரும் என்னைப் போலத்தானா? கேட்க இன்றுவரை வாய் வரவில்லை.