ஆறு பேருக்கு ஒரு களப்பு

திருகோணமலையில் வசிப்பவர்களுக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது. விடுமுறை மற்றவர்களுக்கு வரும். அவர்கள் திருகோணமலைக்கு வருவார்கள். கோயில், துறைமுகம், கன்னியா வெந்நீர்க் கிணறு, உப்புவெளிக் கடற்கரை எல்லாவற்றையும் கடவுளும் அரசாங்கமும் இலவசமாக வைத்திருந்தார்கள். படுக்கையையும் சாப்பாட்டையும் நாங்கள் இலவசமாக வைத்திருந்தோம்.

நான் அப்போது கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பிரதம எழுதுநர். ஓர்ஸ் ஹில்லில் அரசாங்கம் தந்த வீடு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே விருந்தினரைக் கவனிக்க எங்களைவிட வசதியானவர்கள் இல்லை என்று உறவினர்கள் தங்களுக்குள் தீர்மானித்திருந்தார்கள். அவர்களில் முதன்மையானவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் என் அக்கா, அத்தான், அவர்களுடைய மூன்று பிள்ளைகள். அத்தான் பாடசாலை அதிபர். ஒவ்வோர் ஆவணியிலும் பாடசாலை பூட்டிய மறுநாள் எங்கள் படலை திறக்கும்.

ஒருமுறை அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து பார்த்தேன். மனைவி குசினி வாசற்படியில் இருந்தாள். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த பெரிய சோற்றுப் பானை.

"இஞ்சாருங்கோ," என்றாள். "எனக்கு நகை நட்டு ஒண்டும் வேண்டாம். ஒரு கிழமை, ஆராவது சமைச்சுத் தர நான் கதிரையில இருந்து சாப்பிட வேணும். அவ்வளவுதான்."

கல்யாணமாகிப் பல வருடங்களில் அவள் என்னிடம் வைத்த முதல் விண்ணப்பம் அது. விண்ணப்பம் என்று வந்துவிட்டால் நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

மூதூருக்குத் தெற்கே கடலோரக் காயல் போன்ற ஒரு களப்போரம், ஓர் அரசாங்கத் திணைக்களத்துக்குச் சொந்தமான விடுதி ஒன்று இருந்தது. உத்தியோகத்தர்கள் சுற்றுப் பயணம் போகும்போது தங்குவதற்காகக் கட்டியது. முறைப்படி விண்ணப்பித்தால் மற்ற அரசாங்க ஊழியர்களுக்கும் கொடுப்பார்கள். வேலை விஷயமாக ஒரு தை மாதம் அங்கே போயிருந்தேன். வாசற்படி வரைக்கும் தண்ணீர், தண்ணீர் முழுக்கத் தாமரை, அக்கரையில் கொக்குகள். விடுதிக் காவலாளிதான் சமையல்காரனும். அவன் வைத்த நண்டுக் கறியை அதற்குப் பிறகு பல கூட்டங்களில் உட்கார்ந்துகொண்டு நினைத்திருக்கிறேன்.

அடுத்த ஆவணிக்கு அங்கே ஒரு வாரம் என்று மனைவிக்கு அறிவித்தேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் அன்றைக்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

அந்தத் திணைக்களத்தின் அலுவலகம் எங்கள் கச்சேரிக்கு அடுத்த வளவு. விடுதி ஒதுக்குகிற எழுதுநர் கிண்ணியாக்காரர், என் பழைய சிநேகிதர். வேலிக்கு மேலால் ஒரு சத்தம் போட்டிருந்தால் அலுவல் முடிந்திருக்கும். ஆனால் அரசாங்கம் வேலிக்கு மேலால் நடப்பதில்லை. நான் விண்ணப்பம் எழுதி என் மேலதிகாரிக்குக் கொடுத்தேன். அவர் சிபாரிசு செய்து அந்தத் திணைக்களத் தலைவருக்கு அனுப்பினார். அவர் அதைத் தமது எழுதுநருக்கு அனுப்பினார். அதாவது, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த என் சிநேகிதருக்கு.

அவர் வேலியடிக்கு வந்தார். "ஐசே, ஒங்கட கடிதம் எனக்கு வந்திரிக்கி."

"கிடைச்சதோ? அப்ப விடுதி சரிதானே?"

"அத எப்பிடி வாயால சொல்ற? நான் பெரியவருக்குப் போட்டு, பெரியவர் ஒங்கட பெரியவருக்குப் போட்டு, அவர் ஒங்களுக்குத் தருவார். முறை எண்டு ஒண்டு இரிக்கில்ல?"

வெற்றிலையை மென்றுகொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னது சரி.

அனுமதி வந்தது. வந்த பிறகும் ஒரு கடமை எஞ்சியிருந்தது. ஆவணியில் நாங்கள் வீட்டில் இல்லை என்பதை, வழக்கமாக வருபவர்களுக்கு முற்கூட்டியே அறிவிக்க வேண்டும். இதில்தான் மனைவிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு.

"எழுதாதேங்கோ," என்றாள். "வந்து பூட்டைப் பாத்திட்டுத் திரும்பிப் போகட்டும்."

"அது என்ன கதை? அஞ்சு பேர் அவ்வளவு தூரம் வீணா வாறதோ? அறிவிக்கிறதுதான் முறை."

"முறையெல்லாம் கச்சேரிக்கு. இது உங்கட அக்கா."

நான் எழுதினேன். சுருக்கமாகத்தான் எழுத நினைத்தேன். ஆனால் ஒரு காரியத்தைச் செய்கிறபோது அதற்குக் காரணம் காட்டாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை. எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று தொடங்கி, தாமரை, கொக்கு, காற்று, நண்டு என்று இரண்டு பக்கம் வந்துவிட்டது. அந்தக் கடிதம் முறையானது என்றே இன்றும் சொல்வேன்.

பதில் கடிதம் வரவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம் படலை திறந்தது. அத்தான் முன்னால், அக்கா பின்னால், பிள்ளைகள் மூன்றும் இரண்டு பக்கத்தாலும். அக்காவின் கையில் பனம்பழப் பனாட்டுப் பெட்டி.

"தம்பி," என்றாள் அக்கா, "உன்ர கடிதத்தை இவர் ரெண்டு தரம் வாசிச்சவர். களப்புக் காத்து உடம்புக்கு நல்லதாம். நாங்களும் வாறம்."

"நல்ல தமிழ் எழுதியிருந்தீர்," என்றார் அத்தான். "எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வாசிச்சுக் காட்டினனான்."

 தூசி தட்டி அடுக்கி வைத்திருந்த பெட்டியை மனைவி ஒரு தடவை பார்த்தாள். பிறகு குசினிக்குள் போய் அந்தப் பெரிய பானையை எடுத்து அடுப்பில் வைத்தாள். அந்தப் பானை அடுப்பில் உட்கார்ந்த சத்தத்தை நான் மறக்கவில்லை.

இரவுச் சாப்பாடு முடிந்ததும், எல்லோருக்கும் நடுவில், அனுமதிக் கடிதத்தை எடுத்து வரச் சொன்னாள். நான் கொண்டுவந்தேன். மேசை விளக்கடியில் வைத்து நிதானமாக வாசித்தாள்.

"இதில ஆறு பேருக்கு மேல தங்க ஏலாதெண்டு கிடக்கு."

"அது சும்மா, ஒரு பொது நிபந்தனை," என்றேன். என் வாழ்க்கையில் ஒரு நிபந்தனையைச் சும்மா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "பாயில ஒராள் படுத்தா ஆருக்குத் தெரியப் போகுது?"

"விதி விதிதானே. நீங்கள்தானே எந்த நாளும் சொல்லுறனீங்கள்." விரல் அடுத்த வரிக்குப் போனது. "அனுமதி எடுத்தவர் கட்டாயம் நேரில நிக்க வேணுமாம். அப்ப நீங்கள் போகத்தான் வேணும். மச்சாளவை அஞ்சு பேர். கணக்குச் சரி."

"ஐயோ மச்சாள், அப்ப நீ?" என்றாள் அக்கா. அவள் குரலில் உண்மையான கவலை இருந்தது. ஆனால் தான் நின்றுகொள்கிறேன் என்கிற சொல் அதற்குள் இருக்கவில்லை.

"ஆரும் ஒராள் வீட்டைப் பாக்கத்தானே வேணும்," என்றாள் மனைவி. அவள் முகத்தில் தியாகம் என்று சொல்லக்கூடிய ஒன்றை அக்காவும் அத்தானும் கண்டார்கள். நான் வேறொன்றைக் கண்டேன். ஆனால் மேற்கொண்டு ஆட்சேபிக்க எனக்கு ஒரு விதிப் பிரிவும் அகப்படவில்லை.

மறுநாள் காலை இறங்குதுறையில் மூதூர் போகும் லோஞ்சுப் படகில் ஏறினோம். வழியனுப்ப வந்தவள் கரையில் நின்று கையசைத்தாள். அவ்வளவு உற்சாகமாக அவள் கையசைத்து நான் பார்த்ததில்லை.

மூதூரிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து இறங்கியபின் ஒரு மாட்டுவண்டி. விடுதியைக் கண்டதும் அத்தான் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"களப்பு எங்க?"

தை மாதத்தில் நான் பார்த்தது தை மாதக் களப்பு. ஆவணியில், கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று மாதக்கணக்காக வீசிய பிறகு, அது தன் தண்ணீரையெல்லாம் எடுத்துக்கொண்டு தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடாகப் போய் நின்றது. இடையில் வெடித்த சேறு. சேற்றின் மேல் ஒரு தோணி, யாரோ மறந்துவிட்டுப் போன செருப்பைப்போல. கொக்குகள் இருந்தன, அவற்றின் மணமும் இருந்தது.

"கடிதத்தில தாமரை எண்டு எழுதினீர்," என்றார் அத்தான்.

விடுதிக் காவலாளி குளித்து, திருநீறு பூசி, தோளில் ஒரு பையோடு வாசலில் நின்றான். சாவியை என் கையில் தந்தான். கோப்பை, கரண்டி, தலையணை எல்லாவற்றையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

"எங்க வெளிக்கிட்டாய்?" என்றேன்.

"வெருகல் திருவிழாவுக்கு ஐயா. காவடி நேத்தி."

"அப்ப சமையல்?"

"விறகு பின்னால கிடக்கு ஐயா."

"லீவுக்கு எழுதினியோ?"

"ஓம் ஐயா. பெரியையா கையெழுத்து வைச்சுத் தந்தவர்."

கடுதாசியை வாங்கிப் பார்த்தேன். உரிய காலத்துக்கு முன் எழுதப்பட்டு, உரிய வழியாகப் போய், உரியவரால் அங்கீகரிக்கப்பட்டிருந்தது. ஒரு குறையும் பிடிக்க முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் கீழ் ஊழியர்கள் இப்படித்தான் லீவு எடுக்க வேண்டும் என்று நான் கத்தியிருக்கிறேன். நாட்டில் ஒருவன் அதைக் கேட்டிருக்கிறான்.

அவன் போனபின் அக்காவைப் பார்த்தேன். அக்கா விறாந்தைக் கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னைப் பாக்காதை தம்பி. நான் ஆறுதல் எடுக்க வந்தனான். வருசம் முழுக்க இதுகளுக்கு அவிச்சுக் கொட்டுறன்."

அதுவும் நியாயம்தான். அத்தானைப் பார்த்தேன். அத்தான் கொக்குகளைப் பார்த்தார்.

அந்த வாரம் முழுவதும் நான் சமைத்தேன். விறகு புகைத்தது, கச்சான் காற்று புகையை என் கண்ணுக்கும் மணலைச் சோற்றுக்கும் கொண்டுவந்தது. அரிசி எவ்வளவு போட்டாலும் ஒன்றில் எங்களுக்குக் காணாது, அல்லது மிஞ்சி நாய்க்கும் போதும். காலைச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி நிமிர்ந்தால் மத்தியானம் வந்து நிற்கும். மத்தியானத்தை முடித்தால் யாருக்காவது தேத்தண்ணீர். விறாந்தையிலிருந்து குரல்கள் வந்தபடி இருந்தன.

"தம்பி, தேத்தண்ணி ஆறிப் போச்சு."

"கறி கொஞ்சம் உறைப்பாக் கிடக்கு. பிள்ளையள் சாப்பிடாதுகள்."

"நண்டு எண்டு எழுதினீர்…"

நண்டு வாங்கினேன். நண்டை எப்படி உடைப்பது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. கட்டைவிரலில் கடி வாங்கிக்கொண்டு ஒரு கறி வைத்தேன். சின்னவன் இரண்டாம் தரம் சோறு கேட்டான். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், எனக்கு அது பதவி உயர்வுக் கடிதம் கிடைத்ததுபோல இருந்தது. உடைந்த கோப்பை ஒன்றுக்கும், சேற்றில் புதைந்த கரண்டி ஒன்றுக்கும் காவலாளி திரும்பிய அன்று விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திருகோணமலைக்குத் திரும்பியபோது மனைவி விறாந்தைக் கதிரையில் இருந்தாள். முகம் தெளிந்திருந்தது. கன்னம்கூடக் கொஞ்சம் சதை வைத்திருந்தது. குசினிக் கதவு சாத்தியிருந்தது. அதன் மூலையில் ஒரு சிலந்தி குடியேறி வலை பின்னி முடித்திருந்தது.

"எப்பிடி மச்சாள் தனியச் சமாளிச்சாய்?" என்றாள் அக்கா.

"ஏதோ சமாளிச்சன்," என்றாள். விசாரித்ததில் சமாளித்த விதம் தெரிந்தது. காலையில் கடைப் பாணும் சம்பலும். மத்தியானம் பக்கத்து வீட்டு டீச்சரம்மா கொடுத்தனுப்பிய சோறு. பின்னேரம் டீச்சரம்மாவோடு உப்புவெளி பஸ் ஏறிக் கடற்கரை. வெள்ளிக்கிழமை மட்டும் கோயிலில் கிடைத்த பொங்கல் புக்கை.

அக்கா போகும்போது அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "காவலாளி வெருகல் திருவிழாவுக்குப் போனதில தம்பிதான் சமைச்சவன், நல்லாச் சமைக்கிறான் மச்சாள். இவ்வளவு நாளும் எங்களுக்குச் சொல்லாம மறைச்சு வைச்சிருந்திருக்கிறாய்."

"எனக்கே தெரியாது," என்றாள் மனைவி, என்னைப் பார்த்துக்கொண்டு.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து கதிரையில் விழுந்தேன். தேத்தண்ணீர் கேட்கலாமா என்று யோசித்துக் கொண்டிருந்தபோது அவள் எழுந்துபோய், சிலந்தி வலை கிழியாமல் கதவின் மற்றப் பாதியை மட்டும் திறந்து, தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

"களப்பு எப்பிடி?"

"நல்ல காத்து," என்றேன்.

அவள் தலையாட்டினாள்.  பிறகு சொன்னாள்:

"வாற வருசத்துக்கும் இப்பவே எழுதிப் போடுங்கோ. ஆறு பேருக்குத்தான். வெருகல் திருவிழா எப்பவெண்டு பாத்து எழுதுங்கோ. அத்தானுக்கும் முறைப்படி அறிவியுங்கோ."