இரண்டு பிலிம்களும் ஒரு கவராயமும்

துறைமுகத்தில் கடல் வரைபடங்களைத் திருத்துவது என் வேலை. கவராயத்தின் ஊசிமுனைகளை விரித்து வைத்தால் ஒரு கப்பல் போகவேண்டிய தூரத்தைப் பிசகாமல் சொல்லிவிடுவேன். அந்தப் பெருமைதான் என்னைப் பிழைவிட வைத்தது.

போன வருடம் கப்பல்துறைக்குப் பக்கத்தில் மகள் வந்த ஆட்டோ கவிழ்ந்தது. தலையில் அடி. ஸ்கேனைப் பார்த்த டொக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இன்றைக்கும் வீதியில் பிரேக் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். அவள் உயர்தரப் பரீட்சையை இரண்டாம் முறை எழுதக் காத்திருந்தாள். தேநீருக்குச் சீனி போட மறந்தால்கூட, அடி மூளையைப் பாதித்துவிட்டதோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவளுடைய அண்ணன் முன்பு பந்தடிக்கப் போய் விழுந்தபோது எடுத்த தலை ஸ்கேன் பிலிமும் மகளுடையதோடு வீட்டில் இருந்தது. ஒரு ஞாயிறு காலை இரண்டு பிலிம்களையும் யன்னல் கண்ணாடியில் ஒட்டிக் கவராயத்தால் அளந்தேன். மகளின் மூளை ஒரு விரலகலம் சிறிதாக இருந்தது. அடிபட்டதில் சுருங்கிவிட்டது என்று முடிவுகட்டினேன். அந்த மூளையைப் படிப்பால் இன்னும் வருத்தக்கூடாது என்று, தபாலில் வந்திருந்த பரீட்சை அனுமதி அட்டையையும் பிலிம்களோடு அலுமாரிக்குள் ஒளித்துவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து வேலையால் வந்தபோது, மடியில் பிலிம்களும் அட்டையுமாக அவள் கதிரையில் இருந்தாள்.

"அப்பா, இந்த ஊசி ஓட்டையள் உங்கட கவராயம்தானே?"

ஓம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. பிலிம்களின் ஓரத்தில் இருந்த சின்னக் கோடுகளைக் காட்டினாள்.

"ரெண்டும் ரெண்டு அளவுத்திட்டம். ஒபிசில ஆரும் இப்பிடி அளந்தா விடுவியளே?"

விடமாட்டேன். முதல் நாளே பிடித்து ஏசியிருப்பேன்.

கடித உறையின் பின்பக்கத்தில் அவள் கணக்குப் போட்டாள். ஒரு விரலகலம் நூலளவாகக் குறைந்தது. மிச்சமிருந்த அந்த நூலும் என்னை உறுத்த, டொக்டரிடம் போனோம். ஆண்களின் மூளை பொதுவாகப் பெண்களுடையதைவிடச் சற்றுப் பெரிதுதான், உடம்பும் அப்படித்தானே, அதை வைத்து யாருடைய புத்தியையும் அளக்க ஏலாது என்று அவர் விளக்கினார். மகளுடையதில் ஒரு பழுதும் இல்லை. வயது போகப் போகத்தான் எல்லோருக்கும் மூளை மெல்லச் சுருங்குமாம்.

"சுருங்கினதைப் பாக்கோணுமெண்டா உங்கட தலையைத்தான் ஸ்கேன் பண்ணோணும், ஐயா," என்றார் டொக்டர்.

மகள் வாசல் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

பரீட்சைக்கு நானே மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனேன், வழியெல்லாம் ஆட்டோக்களுக்கு ஒதுங்கி. பெறுபேறு வந்த அன்று மூன்று பாடத்திலும் ஏ. நம்பமுடியாமல் போனைத் திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்தேன்.

"எண்ணிப் பாருங்கோ அப்பா," என்றாள். "இதுக்குக் கவராயம் தேவையில்லை."