களத்துக்கு வெளியே ஒரு நாற்காலி

என்னை நாற்காலியில் உட்கார வைத்தது மரியாதைக்காகத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது தண்டனை மாதிரி இருந்தது. யாரிடம் சொன்னாலும் நம்பவில்லை. அதனால் எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுத வரும்.

நான் வேலைக்குப் போகும் கம்பெனி செம்மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சின்னக் கம்பெனி. எங்கள் மலையில் விளைகிற சாமை, தினை, மிளகு எல்லாவற்றையும் வாங்கிச் சுத்தம் செய்து, பாக்கெட் போட்டுச் சேலத்துக்கும் கோயமுத்தூருக்கும் அனுப்புகிறார்கள். அதை நடத்துகிறவள் அடிவாரத்துக்காரி, பண்ணையம் பார்க்கிற வீட்டுப் பெண். நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் திட்டுவதைப் பார்த்து அவளைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். மேடம் என்று கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்காது. சாப்பாட்டு நேரத்தில் எங்களோடு தரையில் உட்காருவாள். எடையில் ஏமாற்ற மாட்டாள். 'இங்கே எல்லோரும் சமம்' என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள். எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். அதைக் கூட்டிப் படித்துவிட்டேன்.

என் வேலை புடைப்பது. மெஷின் இருக்கத்தான் இருக்கிறது. அது பெரிய கல்லை எடுக்கும், தூசியை ஊதும். சாமையின் நிறத்திலேயே இருக்கிற பொடி மண்கட்டி அதற்குத் தெரியாது. அதை முறத்தில் போட்டுக் கொழித்துத்தான் எடுக்க வேண்டும். ஷெட்டுக்குள்ளே சிமெண்டுத் தரை போட்ட களம் ஒன்று உண்டு. தானியத்தைக் கொட்டி வைப்பது அங்கேதான். நடுவில், வெளிச்சம் விழுகிற இடத்தில் நான் உட்காருவேன். சுற்றி மற்றப் பெண்கள் உட்காருவார்கள். என் முறத்திலிருந்து போன சாமையை மறுபடி யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதில் கர்வம் உண்டு. இருந்தால் என்ன?

களத்தில் செருப்புக் காலோடு யாரும் ஏறமாட்டோம். தானியம் கிடக்கிற இடம் சாமி இருக்கிற இடம். குவியலை அள்ளிவிட்டுத் தரையைக் கூட்டிய பிறகும் அப்படித்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்கள் பூட்ஸ் காலோடு உள்ளே வந்துவிடுகிறார்கள் என்று அந்தப் பெண்தான் களத்து வாசலில் ஒரு போர்டு மாட்டினாள். மலைமக்களின் வழக்கத்தை மதித்துக் காலணியைக் கழற்றவும் என்று. எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு என் கால் கெட்டது. சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. மிளகுக்கொடிப் பக்கம் போனபோது முள் ஏறியது எனக்குத் தெரியவே இல்லை. புண் வந்து, நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. என் பங்காளி வீட்டு மருமகள், அவளும் களத்தில் புடைப்பவள்தான், தினமும் வந்து மருந்து வைத்துக் கட்டினாள். ஆறிய பிறகு டாக்டர் மெத்தென்று கறுப்புச் செருப்பு ஒன்றைக் கொடுத்து, வீட்டுக்குள்ளேகூட இதைக் கழற்றக் கூடாது, இன்னொரு புண் வந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

நான் வேலைக்குத் திரும்பியபோது கம்பெனி வாசலில் படிக்குப் பக்கத்தில் சரிவாகப் பாதை கட்டி, பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட்டிருந்தார்கள். எனக்காகக் கட்டியது என்றாள் அந்தப் பெண். கண் கலங்கிவிட்டது எனக்கு. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஏறி முடித்த இடத்தில் நாற்காலி இருந்தது. முதுகுக்கு மெத்தை வேறு. களம் அதற்கு அப்பால், போர்டைத் தாண்டி இருந்தது.

பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை கொடுத்தாள். அதே கூலிதான், குறைக்கவில்லை. லேபிள் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். பாதி நேரம் ஒட்டுவதற்கும் ஒன்றும் இருக்காது. மலை சுற்றிப் பார்க்க வந்து, சோளக்காட்டுச் சந்தையில் பழம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இங்கேயும் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களிடம் என்னைக் காட்டுவாள், வயசானாலும் நாங்கள் யாரையும் விட்டுவிடுவதில்லை என்பாள். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் படம் பிடிப்பார்கள். உள்ளே முறத்தில் சாமை சரசரவென்று விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். யார் கை சரியாக விழவில்லை என்று சத்தத்திலேயே எனக்குத் தெரியும். எழுந்து போய்ச் சொல்ல முடியாது.

ஒரு நாள் அவளிடம் போய் நின்று, இதே மாதிரி இன்னொரு ஜோடி வாங்கி உள்ளேயே வைத்துக்கொள்கிறேன், ரோட்டை மிதிக்காத செருப்பு, அதைப் போட்டுக்கொண்டு களத்தில் உட்காருகிறேன் என்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க அம்மாயி. உங்க ஆளுங்க மனசு சங்கடப்படுமேன்னுதான் பாக்கறேன். உங்க வழக்கத்துல நான் கை வெக்கலாமுங்களா?"

சரி என்று களத்துப் பெண்களிடம் கேட்டேன். எங்களுக்கு என்ன, கம்பெனிக்காரர்கள்தானே போர்டு மாட்டியிருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள் என்றார்கள். திரும்ப அவளிடம் வந்தேன். மறுபடி அவர்களிடம் போனேன். அவள் இவர்களுக்காக வேண்டாம் என்கிறாள், இவர்கள் அவளுக்காக வேண்டாம் என்கிறார்கள். என் காலுக்கு ஆகாது என்று தெரிந்தும் என்னைத்தான் எல்லோரும் நடக்க வைத்தார்கள். ஒருத்தரும் முகம் கோணிப் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மாதம் ஒரு முறை எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று கேட்பாள். வழக்கமாக நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம், டீ குடித்துவிட்டு எழுந்துவிடுவோம். அந்தத் தடவை நான் எழவில்லை. எனக்கு என் இடம் வேண்டும், நான் செருப்போடு களத்தில் ஏறினால் யாருக்கு ஆகாது, அதை என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.  பிறகு, என் புண்ணுக்குக் கட்டுப் போட்டாளே, அந்த மருமகள்தான் பேசினாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. எனக்கு ஆகாதுங்க. உங்க காலு எனக்குத் தெரியாததா? ஆனா செருப்பு செருப்புத்தானுங்க. புதுசா இருந்தாலும் மனசு ஒப்ப மாட்டேங்குது."

"இதை ஏன்டி அன்னைக்கே சொல்லல?"

"நீங்க எங்கீங்க கேட்டீங்க? 'நீ ஒண்ணும் சொல்ல மாட்டீல்ல'ன்னுதான கேட்டீங்க."

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அத்தனை மாதத்தில் அப்போதுதான் மூச்சு விட்ட மாதிரி இருந்தது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் ஒப்பியிருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் உடனே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். மன்னிப்பெல்லாம் வேண்டாம் கண்ணு, வழி சொல்லு என்றேன். கடைசியில் இருந்த ஒருத்தி, அத்தையைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்துவிடலாம், கால் தரையில் படாது என்றாள். இன்னொருத்தி, அத்தையைத் தூக்க லாரிதான் வேண்டும் என்றாள். அந்தப் பெண் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு, சக்கர நாற்காலி வாங்கட்டுமா என்று கேட்டாள். அந்தச் சக்கரம் மட்டும் எதை மிதித்துக்கொண்டு வரும் என்று கேட்டேன்.

பாக்கெட் போடுகிற அறையில் எல்லோரும் செருப்போடுதான் நிற்கிறோம், அங்கேயும் சாமைதானே இருக்கிறது என்று மருமகளே யோசித்துச் சொன்னாள். அங்கே அது மேசைமேல் இருக்கிறது, தரையில் இல்லை. களத்தின் ஓரத்தில் கொஞ்ச இடத்தில் இனிமேல் தானியமே கொட்டாமல் விட்டு, அங்கே மேசை போட்டு, அத்தைக்குச் சாமையை மேலே கொண்டுவந்து கொடுத்தால் தனக்கு மனக்குறை இல்லை என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு நடு இடம் போனது. வெளிச்சமும் கொஞ்சம் மட்டுத்தான். ஒத்துக்கொண்டேன்.

மேசை எந்த உயரம் வேண்டும் என்று இந்தத் தடவை என்னைக் கேட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து முறத்தை ஆட்டிக் காட்டினேன். ஆசாரி என் முழங்கைவரை டேப் பிடித்து அளந்துகொண்டு போனார். மேசை வந்தது. மோவாய்க்கு நேராக இருந்தது. ஏனுங்க இப்படி என்று கேட்டால், மேசை என்றால் இவ்வளவு உயரம்தான் இருக்கும், அதைவிடக் குறைத்தால் பார்க்க நன்றாக இருக்காது என்கிறார். மேசைக் காலை அறுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு வாரேன், நாளைக்கு வாரேன் என்கிறார். அந்தப் பெண் போன் போட்டுக்கொண்டே இருக்கிறாள். பாவம்.

நான் காத்திருக்கவில்லை. முறத்தை மடியில் இறக்கி வைத்துக்கொண்டு புடைக்க ஆரம்பித்துவிட்டேன். மேசை பக்கத்தில் சும்மா நிற்கிறது. சிதறுகிற சாமை என் மடியிலும் விழுகிறது, செருப்பைச் சுற்றித் தரையிலும் விழுகிறது. மருமகள் அவ்வப்போது வந்து, செருப்பைப் பார்த்தும் பாராத மாதிரி, அதைக் கூட்டி அள்ளிக்கொண்டு போகிறாள்.