ஓடுபாதையில் பதினொரு தேங்காய்

போன வருடத்துக்கு முதல் வருடம், ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரொறன்ரோவில் மோர்னிங்சைட் பக்கம் இருந்து விடியப்புறமே வெளிக்கிட்டோம். நானும் மனைவியும் முன்னால். பின் சீட்டில் ஐயர். அவருக்குப் பக்கத்தில் ஒரு நீற்றுப்பூசணிக்காய், ஒரு பை நிறையத் தேங்காய். மனைவியின் தம்பி புது வீடு வாங்கியிருந்தான். அன்றைக்குக் குடிபூரல்.

ரொறன்ரோவை விட்டு ஒன்றரை மணி நேர ஓட்டம். அந்த வீட்டைப் பற்றி முதலே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த பிழை விளங்காது.

மைத்துனன் எலக்ட்ரிக் வேலை செய்கிறவன். நாற்பது வயதுக்குப் பிறகு விமானம் ஓட்டப் பழகினான். நாங்கள் சிரித்தோம். பிறகு ஒரு பழைய விமானம் வாங்கினான். இரண்டு பேர் இருக்கலாம். அதற்கும் சிரித்தோம். அதை நிறுத்த இடம் வேண்டும் என்று இந்த வீட்டை வாங்கியபோது சிரிப்பதை விட்டுவிட்டோம்.

அங்கே இருபது வீடு இருக்கும். எல்லாம் விமானம் வைத்திருப்பவர்களின் வீடுகள். எங்கள் வீடுகளில் கராஜ் இருக்கிற மாதிரி அங்கே வீட்டோடு ஒட்டி விமானக் கொட்டகை. குசினிக் கதவைத் திறந்து இரண்டு படி இறங்கினால் விமானம் நிற்கிறது. மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"எடேய், குசினிக்குப் பக்கத்திலை பிளேனோ? கறி மணம் ஏறாதோ உதுக்கு?"

"அதுக்குக் கறி மணம் ஏறினால் பரவாயில்லை அக்கா. கறிக்குப் பெற்றோல் மணம் ஏறாமல் பாருங்கோ."

ஸ்காபரோவில் இருந்து நாற்பது பேர் அளவில் வந்திருந்தார்கள். பட்டுச்சேலை, வேட்டி, நகை, எல்லாம். மைத்துனன் அந்த இடத்துக்குப் போன முதல் தமிழன். "அயலுக்குள்ளை பேர் கெடாமல் நடக்கவேணும் அத்தான்" என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தான். கார்களை வீட்டு முன்பக்கம் மட்டும் நிறுத்தச் சொன்னான். நாங்களும் அப்படியே நிறுத்தினோம்.

பால் காய்ச்சினார்கள். பிறகு ஐயர் விமானத்துக்குப் பூசை செய்தார். கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிப்போம் அல்லவா, அதே மாதிரித்தான். ஐயர் விமானத்தைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார்.

"மற்றச் சில்லு எங்கை தம்பி?"

"மூண்டுதான் ஐயா."

"மூண்டுதானோ? நான் நாலு தேசிக்காய் எல்லோ கொண்டந்தனான்."

"மிச்சத்தைக் கரைச்சுக் குடியுங்கோ ஐயா. நீங்கள்தான் களைச்சுப் போனியள்."

எல்லோரும் சிரித்தார்கள். ஐயரும் சிரித்தார்.

இனி என் வேலை. எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்பு. பேச்சும் குறைவு. பக்டரியில் பெட்டி அடுக்குகிறேன். ஆனால் எங்கள் கோயிலில் சிதறு தேங்காய் அடிப்பது நான்தான். பல வருடமாக. வேறு யாரும் அடித்தால் தேங்காய் இரண்டாகப் பிளந்துகொண்டு கிடக்கும். நான் அடித்தால் நொறுங்கிப் பறக்கும். நொறுங்கினால் நல்லது என்று சனம் நம்புகிறது. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

"பூசணிக்காயையும் தேங்காயையும் முச்சந்தியிலை உடையுங்கோ. கண்ணூறு எல்லாம் அதோடை போகட்டும்" என்றார் ஐயர்.

மைத்துனன் அப்போது உள்ளே சாமிப் படத்துக்கு முன்னால் இருந்தான். நான் யாரையும் கேட்கவில்லை. முன்பக்கம் போய்ப் பார்த்தேன். தெரு நேராகப் போனது. சந்தி ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் எங்கள் கார்கள். பின்பக்கம் போனேன். விமானக் கொட்டகையின் பெரிய கதவில் இருந்து ஒடுங்கிய தார்ப்பாதை ஒன்று போனது. நூறு அடி போய், அகலமான தார் றோட்டு ஒன்றில் ஏறியது. இடது பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் றோட்டு. வலது பக்கமும் அப்படி. மூன்று பாதை சந்திக்கிற இடம். ஒரு கார் இல்லை. ஒரு குழி இல்லை. நடுவில் வெள்ளைக் கோடு. இவ்வளவு நல்ல முச்சந்தியை நான் ரொறன்ரோவில் கண்டதில்லை.

நடுவில் போய் நின்றேன். பூசணிக்காயை வெட்டி உள்ளே குங்குமம் போட்டிருந்தார்கள். அதைத் தலைக்கு மேல் தூக்கி அடித்தேன். சிவப்பாகச் சிதறியது. பிறகு தேங்காய். ஒன்று, இரண்டு என்று பதினொன்று. பதினொன்றும் நொறுங்கியது. சில துண்டு முப்பது அடிக்கு அப்பால் போய் விழுந்தது. கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கியிருந்தேன். கோல்ஃப் விளையாடுகிற இடத்தில் ஓடுகிற சின்ன வண்டி ஒன்று வேகமாக வந்து கொட்டகை வாசலில் நின்றது. எதிர்ப்பக்கத்து வீட்டுக்காரர். எழுபது வயது தாண்டிய வெள்ளைக்காரர். கையில் ரேடியோ. முகத்தில் இரத்தம் இல்லை. ஏதாவது மிருகம் அடிபட்டுவிட்டதா, அங்கே ஒரே இரத்தமாகக் கிடக்கிறதே என்று மைத்துனனைக் கேட்டார். அவ்வளவு இங்கிலீசு எனக்கு விளங்கும்.

மைத்துனன் வெளியே எட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அத்தான், தேங்காய் எங்கை அடிச்சனீங்கள்?"

"முச்சந்தியிலை."

"இஞ்சை எங்கை அத்தான் முச்சந்தி?"

சொதிக் கையாலேயே காட்டினேன்.

"ஐயோ அத்தான்! உது றோட்டில்லை. உதிலைதான் பிளேன் ஏறி இறங்கிறது."

தேங்காய்தானே, அது என்ன செய்யும் என்று கேட்டேன். மைத்துனன் அவசரமாகச் சொன்னான். விமானத்தின் காற்றாடி சுழலும்போது நிலத்தில் கிடக்கிறதை இழுக்குமாம். ஒரு சிரட்டைத் துண்டு அதில் பட்டால் போதும், உடைந்துவிடும். சில்லில் குத்தினாலும் போதும். ஓடுகிற ஓட்டத்தில் விமானம் புரண்டுவிடும்.

வந்தவரின் மனைவி அந்த நேரம் தன் விமானத்தில், வானத்தில் இருந்தார். தனியாக. மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். இன்னும் அரை மணி நேரத்தில் இறங்க வேண்டும். பக்கத்தில் இறங்கக்கூடிய இடத்தில் மழை தொடங்கிவிட்டது. இங்கேயும் மேற்குப் பக்கம் இருண்டு வந்தது. மழைக்கு முன் இங்கே இறங்குவதுதான் நல்லது. அவர் என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. வானத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

இடியப்பத் தட்டை அப்படியே கீழே வைத்தேன்.

மைத்துனன் எல்லோரையும் கூப்பிட்டான். ஓடுபாதையின் ஒரு கரையில் இருந்து மறு கரை வரை வரிசையாக நிற்க வைத்தான். தோளோடு தோள். கண் நிலத்தில். மெல்ல மெல்ல நடக்க வேண்டும். கண்டதைக் குனிந்து எடுக்க வேண்டும். சேலைக்காரிகள் சேலையைத் தூக்கிச் செருகினார்கள். ஐயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். நாற்று நடுகிற மாதிரி நாற்பது பேரும் குனிந்துகொண்டு போனோம்.

"அண்ணை, கொஞ்சம் மெல்லமா அடிச்சிருக்கப்படாதோ?" என்றாள் ஒருத்தி.

"மெல்லமாவோ? இவர் வீட்டிலை கதவைக்கூட மெல்லமாச் சாத்தமாட்டார்" என்றாள் என் மனைவி.

"கோயிலிலை அடிக்கேக்கை கை தட்டினனீங்கள் எல்லோ. இப்ப பொறுக்குங்கோ" என்றார் ஐயர்.

சிரித்தார்கள். ஆனால் ஒருவர் கண்ணும் நிலத்தை விட்டு எழும்பவில்லை. ஒவ்வொரு துண்டும் என் கையால் நொறுங்கியது. சில துண்டு நகத்தளவு.

அயல் வீடுகளில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் இலை ஊதுகிற மெசின் கொண்டு வந்தார். ஒரு பெண் வாளியும் தும்புத்தடியும் கொண்டு வந்து பூசணிக்காயைக் கழுவினார். யாராவது திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இரண்டு தரம் நடந்து பொறுக்கியதை எல்லாம் புல்லில் ஒரு படங்கை விரித்துக் கொட்டினோம். எனக்கு அப்போதுதான் ஒன்று யோசனைக்கு வந்தது. தேங்காய்க்கு மூன்று கண். கண் இருக்கிற பக்கம் சிரட்டை தடிப்பு. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் நான் அடித்ததில் அந்தத் துண்டு மட்டும் நொறுங்கியதில்லை. பதினொரு தேங்காய் என்றால் பதினொரு கண் துண்டு இருக்க வேண்டும். குவியலுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து அவற்றை மட்டும் எடுத்து வரிசையாக வைத்தேன்.

பத்து.

திரும்பவும் எண்ணினேன். பத்துத்தான்.

விமானச் சத்தம் கேட்டது. தலைக்கு மேல், சின்னதாக, வெள்ளையாக. ஒரு வட்டம் போட்டது. என் கையில் முதல் மழைத்துளி விழுந்தது. எதிர்ப்பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். முடிந்ததா என்று பெருவிரலைத் தூக்கிக் கேட்டார்.

"முடிஞ்சுது, முடிஞ்சுது. இனி ஒண்டும் இல்லை" என்றது சனம். மெசின்காரரும் தலையாட்டினார்.

மைத்துனன் என்னிடம் வந்தான். "என்ன அத்தான்?"

"பத்துத்தான் கிடக்கு."

"அது நொறுங்கிப் போயிருக்கும்" என்றார் ஐயர். "எல்லாரும் ரெண்டு தரம் நடந்து பாத்தாச்சு."

அவர் சொன்னது சரியாக இருக்கலாம். சரியாக இருக்க வேண்டும் என்று நானும் ஆசைப்பட்டேன். மழை வருகிறது. மேலே ஒரு கிழவி தனியாகச் சுற்றுகிறார். இவ்வளவு பேரையும் குனிய வைத்தவன் நான். இன்னும் ஒருமுறை குனியச் சொல்ல எனக்கு முகம் இல்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"இல்லை. ஒண்டு குறையுது" என்றேன்.

பிறகு அந்த மனிதரிடம் போனேன். "நோ. வன் மோர்" என்றேன். ஒரு கண் துண்டை அவர் கையில் வைத்தேன். மூன்று கண்ணையும் தொட்டுக் காட்டினேன். பத்து விரலையும் விரித்தேன். பிறகு ஒரு விரலை மட்டும் தூக்கினேன். அவர் அந்தத் துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவை என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். ரேடியோவில் ஏதோ சொன்னார். விமானம் திரும்பவும் வட்டம் போடப் போனது.

மூன்றாம் தரம் வரிசை கட்டினோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இந்தத் தரம் அவரும் வந்தார். கொஞ்சத் தூரம் குனிந்து நடந்தார். பிறகு முழங்காலில் இறங்கித் தவழ்ந்தார். தூறல் பலத்தது. நான் கரைப் பக்கம் தேடினேன். புல்லுக்குள் கையை விட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை.

"லெவன்!" என்று ஒரு சத்தம் கேட்டது.

அவர்தான். நடு ஓடுபாதையில் முழங்காலில் நின்று கையை உயர்த்திப் பிடித்திருந்தார். நடுவில் இருக்கிற வெள்ளைக் கோட்டிலேயே அது கிடந்திருக்கிறது. சிரட்டை கீழே, தேங்காயின் வெள்ளைச் சொட்டு மேலே. வெள்ளையில் வெள்ளை. நாற்பது பேர் இரண்டு தரம் அதற்கு மேலால் நடந்திருக்கிறோம். விமானத்தின் முன் சில்லு ஓடுகிற இடமும் அதுதான் என்று மைத்துனன் பிறகு சொன்னான்.

எல்லோரும் புல்லுக்கு ஓடினோம். விமானம் வந்தது. சில்லு நிலத்தில் தொட்டபோது கீச்சென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நான் மூச்சு விட்டேன். அது ஓடி நின்று திரும்பவும், மழை கொட்டவும் சரியாக இருந்தது.

நனைந்தபடி எல்லோரும் மைத்துனனின் கொட்டகைக்குள் ஓடினோம். எங்கள் ஆட்கள், அயல் ஆட்கள், எல்லோரும். விமானத்தின் செட்டைக்குக் கீழே கதிரை போட்டு இடியப்பம் பரிமாறினார்கள். மெசின்காரர் சொதியைக் கோப்பையில் வாங்கிக் குடித்தார். இரண்டாம் கோப்பையும் கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா கணவரோடு வந்தார். கட்டையான ஆள். வெள்ளைத் தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார். கணவர் அந்தக் கடைசித் துண்டைச் சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று கண்ணையும் பார்த்துவிட்டு, குரங்குக் குட்டியின் முகம் மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். அதற்குப் பிறகுதான் கணவரும் சிரித்தார்.

நான் மன்னிப்புக் கேட்க எழும்பிப் போய் அந்த அம்மாவின் முன்னால் நின்றேன். "சொறி" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். மைத்துனனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னவாம்?"

"தன்ரை பிளேனுக்கும் ஒண்டு உடைக்கட்டாம் அத்தான். ஆனா குப்பை வாளிக்குள்ளையாம்."

பூசைக்கு வைத்திருந்த தேங்காய் ஒன்று மிஞ்சி இருந்தது. மழை விட்ட பிறகு அவர்களின் கொட்டகைக்குப் போனோம். ஐயர் மந்திரம் சொன்னார். பெரிய பிளாஸ்ரிக் வாளி ஒன்றை வைத்தார்கள். கணவர் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் அடித்தேன். அடித்த கையோடு அவர் படாரென்று மூடினார். அப்படி ஒரு சிரிப்பு அந்தக் கொட்டகையில் எழும்பியது.

திரும்பி வரும்போது ஹைவேயில் மனைவி கேட்டாள். "அந்த நேரம் நீங்களும் முடிஞ்சுது எண்டு சொல்லியிருந்தால்?"

அதற்குப் பிறகு வேலையில் யாராவது "முடிஞ்சுதோ?" என்று கேட்டால் உடனே ஓம் சொல்வதில்லை. எல்லோரும் களைத்து, போதும் என்று நிற்கும்போது, பிழை விட்டவனே எழும்பி நின்று இன்னும் ஒன்று குறைகிறது என்று சொல்வது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். குறைவாகப் பேசுகிற நான் என் வாழ்க்கையில் பேசிய பெரிய பேச்சு அந்த இரண்டு சொல்தான்: ஒண்டு குறையுது.