தூங்க வைத்த டீச்சருக்கு ஒரு ஃபிளெக்ஸ்

அன்றைக்கு இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். தறிப் பட்டறைகளில் ஃபிட்டர் வேலை பார்க்கும் ஒருவர். அவருடைய இரண்டு பையன்களும் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். மூன்றாம் வகுப்பில் மகள் உள்ள இட்லிக் கடை அக்கா. எங்கள் வார்டு மெம்பர். தூணோரம் உட்கார்ந்து வீட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என் மகள். இந்த ஐந்து பேர்தான். தலைமையாசிரியரான பெரிய டீச்சர் இல்லை. அவரைப் பற்றிய கூட்டம் என்பதால் அவருக்குச் சொல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லிக் கடைக்குப் பின்னால் கூடினோம். அவர் இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றிருப்பார்.

நான் ஏழாவதோடு நின்றவள். பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில், விசைத்தறிச் சத்தம் இல்லாத தெருவே இல்லாத ஊர் எங்களுடையது. நானும் தறிதான் ஓட்டுகிறேன், நைட் ஷிஃப்ட். மகளின் அப்பா லாரியோடு வடக்கே போனவர். அங்கேயே ஒரு குடும்பம் ஆகிவிட்டது. மகளை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்குப் போவேன். தறியடியில் நின்றால் நினைப்பெல்லாம் அந்தத் தாழ்ப்பாள்தான். சரியாகப் போட்டாளா, கேஸை மூடினாளா, யாராவது கதவைத் தட்டினால் திறந்துவிடுவாளா.

பெற்றோரில் ஒருவர்தான் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவராக இருக்க வேண்டுமாம். பெரிய டீச்சர் என் பெயரைச் சொன்னார்.

“எனக்கு எழுதப் படிக்கவே தடுமாறுமுங்க டீச்சர். கையெழுத்துப் போட்டா நாளைக்குக் கேசு கீசுன்னு வந்துருமுங்களா?”

அவர் சிரித்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், எங்களைப் போல இழுத்துப் பேச மாட்டார். “கவலைப்படறவங்கதாம்மா எனக்கு வேணும். கவலைப்படாதவங்க கூட்டத்துக்கே வர மாட்டாங்க.”

என் கவலையை ஒரு தகுதி என்று சொன்னவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

அவர் வந்த பிறகு பள்ளிக்கூடம் வேறு மாதிரி ஆயிற்று. காலையில் தன் அறையில் உட்கார மாட்டார். பிள்ளைகளை வராந்தாவில் வட்டமாக உட்கார வைத்து, தானும் அதில் ஒரு ஆளாகத் தரையில் உட்காருவார். அந்த வட்டத்தை நடத்துவது அவர் இல்லை. வாரத்துக்கு ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை ஒவ்வொருவரையும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: சாப்பிட்டாயா, ராத்திரி தூங்கினாயா. தூங்கவில்லை என்று சொன்னவர்களை யாரும் திட்ட மாட்டார்கள். நூலகம் என்று ஒரு சின்ன அறை உண்டு. அங்கே பாய் விரித்திருக்கும். முதல் இரண்டு பீரியட் தூங்கலாம். தூங்கினவர்களுக்கு விட்டுப்போன பாடத்தை, வகுப்பில் விழித்திருந்த பிள்ளைகள் மத்தியானம் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் இன்னும் நன்றாக ஏறியது என்று ஃபிட்டர் தன் மூத்தவனை வைத்துச் சொல்வார்.

முதல் வாரம் ஒரு பிள்ளையும் தூங்கவில்லையாம். பாயில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். டீச்சருக்குப் புரியவில்லை, என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தறிச் சத்தத்தில் பிறந்தவர்கள். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழிப்பு வரும். அந்த அறை அமைதியாக இருந்தது, அதுதான் கோளாறு. அடுத்த அறையில் கடகடவென்று ஆடும் ஒரு பழைய ஃபேன் இருந்தது. அதைக் கழற்றி இங்கே மாட்டச் சொன்னார். மாட்டிய அன்றே பிள்ளைகள் குறட்டை விட்டார்கள்.

ஊரில் பேச்சுக் கிளம்பியது. டீக்கடையில் என்னைப் பார்த்தால், “என்னுங்க தலைவியம்மா, உங்க பள்ளிக்கூடத்துல தலகாணியும் குடுப்பாங்களா?” என்பார்கள். “லாட்ஜு வாடகை எவ்வளவுங்க?” என்பார் இன்னொருவர். சிலர் பிள்ளைகளை நிறுத்தி, மஞ்சள் வேனில் ஏற்றி நாமக்கல் பக்கத்துப் பெரிய பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். மேலே மனு போயிற்று. டீச்சரை மாற்றப் போகிறார்கள் என்றும், விசாரிக்க அதிகாரி வருகிறார் என்றும் பேச்சு வந்தது.

டீச்சர் போய்விட்டால் எனக்கு என்ன போகும் என்பதைச் சொல்ல வேண்டும். என் மகள் அப்பா போனதிலிருந்து பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத பிள்ளை. வீட்டில் பேசுவாள், கேட்டைத் தாண்டினால் பேச்சு நின்றுவிடும். முன்னே இருந்தவர்கள் திமிர் என்றார்கள். ஒருவர், டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். பெரிய டீச்சர் அவளுக்குப் பாயைக் காட்டினார். ஒரு பருவம் முழுக்க அவள் அந்தப் பாயில் தூங்கினாள். நான் வேலையில் இருக்கிற ராத்திரியெல்லாம் அவள் கதவைப் பார்த்தபடி விழித்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

பிறகு ஒரு வாரம் வட்டத்தை நடத்தும் முறை அவளுக்கு வந்தது. திங்கட்கிழமை காலை, ஷிஃப்ட் முடித்த கையோடு, தலையில் பஞ்சுத் தூசோடு போய் கேட்டுக்கு வெளியே நின்றேன். அவள் எழுந்து நின்றாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. டீச்சர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்புறம் என் மகள் பக்கத்துப் பையனைப் பார்த்து, “நீ தூங்குனயா?” என்றாள். சின்னக் குரல். ஆனால் வெளியே எனக்குக் கேட்டது. ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்து, டீச்சரிடம் நின்று, “நீங்க தூங்குனீங்களா டீச்சர்?” என்றாள். வரிசையில் டீச்சரை அதுவரை யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

“இல்லம்மா,” என்றார். “ரெண்டு மூணு வாரமா சரியாத் தூங்கல.”

“அப்ப நீங்க பாய்க்குப் போங்க,” என்றாள் என் மகள்.

அவர் போனார். முதல் பீரியட் முழுக்க அந்தக் கடகட ஃபேனுக்கு அடியில் பிள்ளைகளோடு படுத்திருந்தார். மனுவில் இதுவும் எழுதப்பட்டது.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். நாங்களும் ஒரு மனு எழுதலாம் என்றேன் நான்.

“மனு எழுதுனா பைலுக்குள்ள போயிருமுங்க,” என்றார் ஃபிட்டர். “அதிகாரி வர்றப்ப கண்ணுல படோணும். கேட்டுல ஒரு ஃபிளெக்ஸ் வெச்சிரலாம்.”

“அதானுங்க,” என்றார் இட்லிக் கடை அக்கா. “கல்யாணத்துக்கு வெக்கறோம், காதுகுத்துக்கு வெக்கறோம், செத்தாலும் வெக்கறோம். டீச்சரம்மாவுக்கு வெச்சா என்ன?”

“பாதிக் காசு நான் போடறனுங்க,” என்றார் மெம்பர். “மூலையில என்ர படம் சின்னதா ஒண்ணு. அவ்வளவுதான்.”

“எவ்வளவு சின்னதுங்க?” என்றார் ஃபிட்டர்.

“உங்க மீசை அகலம் போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “ஆடிக் காத்துங்க. கட்டை சாஞ்சு புள்ளைங்க மேல உழுந்துட்டா?” என்றேன்.

“அம்முணி, நல்லது பேசறப்ப எல்லாத்தையும் உழுக வெக்காத,” என்றார் அக்கா.

அப்போது என் மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். “டீச்சர்கிட்டக் கேட்டீங்களா?”

“சாமி, பரிசு குடுக்கறப்பக் கேட்டுக்கிட்டா குடுப்பாங்க?” என்றார் அக்கா. மகள் திரும்பக் கணக்குக்குக் குனிந்துகொண்டாள். அவள் வெளியாட்கள் முன்னால் பேசியதே எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன கேட்டாள் என்பதை நான் காதில் வாங்கவில்லை.

அதிகாரி வருகிற அன்று விடிகாலையில் ஃபிளெக்ஸ் வந்தது. பத்தடிக்கு எட்டடி. ஆண்டு விழாவில் எடுத்த போட்டோவிலிருந்து டீச்சரின் முகத்தை வெட்டி நடுவில் பெரிதாக வைத்திருந்தார்கள். ஃபிளெக்ஸ் கடைக்காரத் தம்பி அவராகவே வாசகம் எழுதியிருந்தார்: ‘உறங்க வைத்து எங்கள் பிள்ளைகளை உயர்த்திய உத்தமியே, எங்களை விட்டுப் போகாதே.’ மூலையில் மெம்பர். அவர் தலைக்கு மேலே அவருடைய கட்சித் தலைவர்கள் இரண்டு பேர், கொடியோடு. மெம்பர் படத்தைக் கேட்டால் கம்ப்யூட்டரில் இவர்களும் சேர்ந்தேதான் வருவார்கள் என்றார் தம்பி. எங்களுக்கு அது ஒரு தப்பாகவே படவில்லை. எங்கள் ஊரில் மஞ்சள் நீராட்டு ஃபிளெக்ஸில்கூடத் தலைவர்கள் இருப்பார்கள்.

நான் பயந்தது காற்றுக்குத்தான். ஃபிட்டர் கட்டி முடித்த பிறகு, பட்டறையிலிருந்து பாவு நூல் கொண்டுவந்து திரித்து, கேட்டுக் கம்பியோடு சேர்த்து ஒவ்வொரு மூலையிலும் இறுக்கி இறுக்கி முடிச்சுப் போட்டேன். பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அதில் ஒரு நிம்மதி.

டீச்சர் ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மேலிருந்து கீழே படித்தார்.

“என்னை ரொம்ப வெள்ளையாக்கிட்டாங்களே,” என்றார், சிரித்துக்கொண்டே. அப்புறம் அவர் கண் மூலைக்குப் போயிற்று. சிரிப்பு நின்றது. “இதை உடனே கழட்டுங்க. கவர்மென்ட் பள்ளிக்கூட கேட்ல கட்சிக் கொடி இருக்கு, நடுவுல நான் இருக்கேன். இப்பவே கழட்டுங்க.”

ஃபிட்டர் ஏணியில் ஏறினார். தான் போட்ட கட்டுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டார். என் முடிச்சு அவிழவில்லை. இறுக்கிய இறுக்கில் கல்லாகியிருந்தது. “அம்முணி, என்ன முடிச்சுங்க இது?” என்றார் மேலிருந்து. நகத்தால் பிடுங்கினேன், பல்லால் கடித்தேன். அக்கா இட்லிக் கடைக்குக் கத்தி எடுக்க ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் ஜீப் வந்துவிட்டது.

அதிகாரி கோபப்படவில்லை. இறங்கி நின்று படித்தார். போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார். டிரைவரும் பிடித்தார். மத்தியானத்துக்குள் ஊர் வாட்ஸ்அப் எல்லாம் அந்தப் படம்தான். ‘உறங்க வைத்த உத்தமி’ என்று சிரித்தார்கள். சாயங்காலம் எதிர்க்கட்சிக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். பாய் போட்டதற்கு டீச்சரிடம் பதில் இருந்தது. எந்தப் பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்று தனித்தனியாகச் சொல்லக்கூடிய ஆள் அவர். கொடிக்கு என்ன பதில் சொல்வார்? அவருக்குத் தெரியாமல் நாங்கள்தான் கட்டினோம் என்று விசாரணையில் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். மெம்பர் அன்றைக்கு வெளியூர். நிர்வாகக் காரணம் என்று போட்டு மாறுதல் வந்தது, வாழப்பாடி தாண்டி ஏதோ ஒரு ஊருக்கு.

கடைசி நாள் நான் போய் அவர் முன்னால் நின்றேன். பேச வரவில்லை. என் மகளுக்கு வராதே, அதே மாதிரி. அவர் என் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தார். நூல் அறுத்த காயம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

“நீங்க தூங்கறீங்களாம்மா?” என்றார்.

தலையாட்டினேன். பொய் என்று அவருக்குத் தெரியும். மகள் என் பின்னால் நின்றாள். டீச்சர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவள் ஏதாவது கேட்பாள் என்று. அவள் கேட்கவில்லை. ஸ்கூட்டர் திரும்புகிற வரைக்கும் கேட்கவில்லை.

புதுத் தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. நேரத்துக்கு வருகிறார், பாடம் நடத்துகிறார். வந்த வாரமே பாய்களைச் சுருட்டி பீரோ மேல் வைத்துவிட்டார். வட்டம் இல்லை, பிரேயர் உண்டு. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். மகள் தினமும் போகிறாள், வருகிறாள், நோட்டு சுத்தமாக இருக்கிறது. வகுப்பில் பேசுவதில்லை. கேட்டால் தலையை ஆட்டுகிறாளாம். பகல் ஷிஃப்ட் கேட்டு ஓனரிடம் நடந்துகொண்டிருக்கிறேன். ஆள் இல்லை, பொறு என்கிறார்.

போன வாரம் சோறு சாப்பிடும்போது அவளாகச் சொன்னாள். “அந்த ஃபேனை ரிப்பேர் பண்ணிட்டாங்கம்மா. இப்பச் சத்தமே வரதில்ல.”

அப்புறம் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

ஃபிளெக்ஸ் என் வீட்டில்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் பழைய ஃபிளெக்ஸை யாரும் சும்மா வைக்க மாட்டார்கள். கூரைக்குப் போடுவார்கள், குளிக்கிற இடத்துக்கு மறைப்புக் கட்டுவார்கள். மழையில் எங்கள் கூரையும் ஒழுகுகிறது. அந்த முகத்தை வெயிலிலும் மழையிலும் போட எனக்கு மனசு வரவில்லை. மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், கத்தியால் நூலை அறுத்து இறக்கியபோது விட்டுப்போன என் முடிச்சுகள் நான்கு மூலையிலும் அப்படியே இருக்கின்றன.

கடைக்காரத் தம்பி மரியாதையானவர். வழியில் பார்த்தால், “அக்கா, மெம்பர் தரமாட்டேங்கறாருங்க. உங்க பேர்லதான் பில்லு இருக்குது,” என்பார். ஃபிளெக்ஸும் கட்டையும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு. எங்கள் பங்கு தொள்ளாயிரத்தை அன்றைக்கே கொடுத்துவிட்டோம். மெம்பரின் பங்கில் சம்பளத்தன்றைக்கு நூறு நூறாக இரண்டு முறை நான் கொடுத்தேன். இன்னும் எழுநூறு ரூபாய் பாக்கி.